பன்றித் தாடை

முன்சக்கரம் சேற்றில் இறங்கி நின்றுகொண்டது. எய்லர்ட் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தான். வண்டிக்குள் போத்தல்கள் இடித்துக்கொண்டு சத்தம் போட்டன.

"டேய், ராஜா வண்டி இழுக்கக் கூடாதுடா. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று பின்னாலிருந்து ஒன்னோ கத்தினான். கத்தினானே தவிர, கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"நீ இழுத்தா சரக்கு ஊர் போய்ச் சேராது."

"அது என்னவோ நெசந்தான்" என்றாள் ஒன்னோவின் மனைவி வீப்கே.

சிரித்தார்கள். எல்லார் கழுத்திலும் கயிற்றில் கோத்த சின்னக் கண்ணாடிக் கிண்ணம் தொங்கியது. கால்வாய்ப் பாலம் வந்தால் ஒரு வாய், பாதை பிரிந்தால் ஒரு வாய், மாடு கத்தினால் ஒரு வாய். பிப்ரவரியில் மாடுகள் எல்லாம் கொட்டகைக்குள் இருந்ததால் அந்தக் கணக்கில் அதிகம் ஓடவில்லை. இரண்டு பக்கமும் தட்டையான புல்வெளி, அதில் உறைந்து வெள்ளையாகிவிட்ட தண்ணீர்த் தேக்கங்கள், தூரத்தில் வேசர் ஆற்றின் கரைமேடு. கரைமேட்டுக்கு அந்தப் பக்கம் டாலேயாவின் விடுதி. அங்கேதான் சாப்பாடு. ஆனால் அது எய்லர்டுக்கும் வீப்கேவுக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்கள் ரயிலடிக்கு வா என்றால் வந்தார்கள், நட என்றால் நடந்தார்கள். வருடம் ஒரு தடவை, குளிரில் நடந்துபோய் ஒரு விடுதியில் வயிறு முட்டக் கோசுக்கீரை தின்னும் கோசு நடை என்றால் அப்படித்தான்.

எய்லர்டின் கோட்டுக்குள், சட்டைக்கு மேல், பன்றியின் கீழ்த்தாடை ஒன்று தொங்கியது. அவித்துச் சுரண்டி வெயிலில் வெளுத்த எலும்பு. பல் எல்லாம் அப்படியே இருந்தது. யார் கோசு ராஜாவோ அவன் கழுத்தில் ஒரு வருடம் அது இருக்கும். அடுத்த நடைக்குப் பாதை, விளையாட்டு, விடுதி எல்லாவற்றையும் ராஜாவும் ராணியும் சேர்ந்து முடிவு செய்வார்கள். வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. கட்டியவன், கட்டியவள் ஆனாலும் சொல்லக் கூடாது. ராஜாவும் ராணியும் புருஷன் பெண்டாட்டியாக இருக்கவும் கூடாது.

தாடை கழுத்தில் ஏறிய நாளிலிருந்து, ஒரு வருடமாக இன்றைய நடைக்கு எய்லர்ட் உழைத்திருந்தான். போன வருடம் அது தன் கழுத்துக்கு வந்தபோது, வேறு எதுவோ திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

சதுப்பு நிலத்துப் பண்ணையில் மூன்றாவது மகனாகப் பிறந்தவன் அவன். நிலம் மூத்தவனுக்குப் போயிற்று. எய்லர்டுக்குப் பால் லாரி. இருபது வயதில் ஏறி உட்கார்ந்த இருக்கை அது. எந்தப் பண்ணையில் எந்த நாய் கடிக்கும், எந்த வளைவில் பனி உறையும் என்று தெரியும். மனிதர்களைப் பற்றி அந்த அளவுக்குத் தெரிந்துகொண்டதில்லை. தேவைப்படவும் இல்லை. இளவட்டக் கழகத்து நடன இரவுகளில் சேர்ந்த கூட்டம் ஒன்று இருந்தது. ஒன்னோ, வீப்கே, டாம்மே, கெரோல்ட், இன்னும் சிலர். அல்முட்டும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். அவளை மணந்துகொண்டான். பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். நன்றாகப் பாடுவாள். வீட்டில் பாடுவதை எப்போது நிறுத்தினாள் என்று அவனுக்குத் தெரியாது. அதிகாலை லாரிக்காரன் சாயங்காலமே தூங்கிவிடுவான்.

பிள்ளை இல்லை. வருடத்துக்கு ஒரு கோசு நடை இருந்தது.

முதலில் எல்லாம் ராஜாவைக் கைதட்டித்தான் தேர்ந்தெடுத்தார்கள். யார் அதிகம் தின்றான் என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள். கைதட்டு எப்போதும் கெரோல்டுக்குத்தான் விழும். கெரோல்டுக்கு நாக்கில் தேன். ஒரு வருடம் எய்லர்ட் அவனைவிட இரண்டு தட்டு அதிகம் தின்றும் கைதட்டு கெரோல்டுக்குப் போனது. மறு வருடம் பால் பண்ணையில் பழைய இரும்பு என்று ஒதுக்கிய நிறுவைத் தராசை எய்லர்ட் வாங்கிக்கொண்டு வந்தான். பால் கேன் நிறுக்கிற மேடைத் தராசு. சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை ஏறு, பின் ஒரு தடவை ஏறு. ஆணில் எடை அதிகம் ஏறினவன் ராஜா, பெண்ணில் அதிகம் ஏறினவள் ராணி.

"தராசுக்குக் கைதட்டத் தெரியாது" என்று அன்றைக்குச் சொன்னான். அவன் சொன்னதில் கூட்டம் ஞாபகம் வைத்திருந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

அந்தத் தராசு ஒரு வருடம் கெரோல்டையும் அல்முட்டையும் காட்டியது.

அந்த ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் பாதை பார்க்கப் போனார்கள். அல்முட் இருட்டிய பிறகு வருவாள். பூட்ஸில் சேறு இருக்கும். எங்கே போனாய் என்று எய்லர்ட் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. "எங்கேன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே" என்று அவனே சிரித்துச் சொல்வான். அவள் பூட்ஸைக் கொல்லையில் வைத்துக் கழுவுவான். எந்த ஊர்ச் சேறு என்று பார்க்காமல் கழுவுவதில் ஒரு பெருமை இருந்தது அவனுக்கு. அந்த வருடத்து நடையை எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். எய்லர்டும் சொன்னான். ஏப்ரலில் அல்முட் போய்விட்டாள். கெரோல்டின் வீட்டுக்கு.

எய்லர்டின் வீடு விலை போயிற்று. இரண்டு அறைக் குடியிருப்புக்கு மாறினான். தராசும் கைவண்டியும் கூடவே வந்தன. அதற்கு அடுத்த நடைக்கு அவர்கள் இருவரும் வரவில்லை. மற்ற எல்லாரும் வந்தார்கள். ஒருவர் விடாமல் வந்தார்கள். தராசு எய்லர்டையும் வீப்கேவையும் காட்டியது. அன்றைக்கு இரவு தாடை எலும்பைக் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிட்டு அவன் நினைத்துக்கொண்டான்: அவ போனா போறா, கூட்டம் என் பக்கம் இருக்கு.

அந்த நினைப்பில்தான் இந்த வருடம் ஓடியிருந்தது.

பாலத்தருகே வண்டியை நிறுத்தி விளையாட்டை எடுத்தான். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, விரல் நுனியில் ஓட்டை போட்டு, முக்காலியில் தொங்கவிட்டிருந்தான். யார் முதலில் கறந்து வாளியை நிரப்புகிறார்களோ அவர்களுக்கு இரண்டு கிண்ணம்.

"இதைக் கறக்கத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தியா?" என்றான் ஒன்னோ. "என் பொண்டாட்டி முன்னாடி என் மானத்தை வாங்காதே."

"இருந்தாத்தானே வாங்குறதுக்கு" என்றாள் வீப்கே.

டாம்மே குனிந்து கறந்தான். மூக்கு ஒழுகியது. கைக்குட்டையை உருவியபோது கோட்டுப் பையிலிருந்து ஏதோ விழுந்தது. எய்லர்ட் எடுத்துப் பார்த்தான். காய்ந்து பழுப்பேறிய தேயிலைப் பை, நூலோடு.

"என்னடா டாம்மே, வீட்ல டீக்குப் பஞ்சமா? ஊறினதைக் காயவச்சுத் தூக்கிட்டு வர?"

டாம்மே வெடுக்கென்று வாங்கிப் பையில் திணித்துக்கொண்டான். "அவ ஏதாவது வச்சிருப்பா" என்றான். முகம் சிவந்தது. குளிரில் எல்லார் முகமும் சிவந்துதான் இருந்தது.

நூலைப் பல்லில் கடித்து, தலையைச் சுழற்றித் தேயிலைப் பையை எறியும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்தவன் கெரோல்ட். ராஜா ஆனதுமே எய்லர்ட் அதை எடுத்துவிட்டான். இது எல்லாம் அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

விடுதியில் டாலேயா வாசலுக்கே வந்துவிட்டாள். முந்தின நாளே எய்லர்ட் கொண்டுவந்து போட்ட தராசு நடைவழியில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே இருந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். டாலேயா குளிர் அறையின் கதவில் சாக்கட்டியால் எடை எழுதினாள்.

"ஒன்னோ, மூச்சை விடுங்க. பிடிச்சா குறையாது."

"பயத்துல பிடிக்கிறேன்மா."

உட்கார்ந்தார்கள். கோசுக்கீரை பெரிய கிண்ணங்களில் வந்தது. பன்றிக் கொழுப்பில் அரை நாள் வெந்து கறுத்த கீரை. மேலே உப்புப் போட்டுப் புகை காட்டிய இறைச்சி. ஓட்ஸும் கொழுப்பும் அடைத்த பிங்கல் குடல். சர்க்கரையில் புரட்டிய உருளைக்கிழங்கு. வழக்கமாக முதல் கிண்ணம் மேசையைத் தொடுவதற்குள் காலியாகும். கரண்டிக்குச் சண்டை நடக்கும். இன்றைக்குக் கிண்ணம் ஒரு சுற்றுப் போய் முக்கால் நிறைந்தபடியே எய்லர்டிடம் திரும்பி வந்தது.

"என்னப்பா, எல்லாருக்கும் வயிறு சரியில்லையா?" என்றாள் டாலேயா. "உள்ளே ரெண்டு அண்டா இருக்கு."

"சுட்டுடும். ஆறட்டும்" என்றான் ஒன்னோ.

டாம்மே ஒரு துண்டு பிங்கலை முள்கரண்டியில் குத்தி, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னான்: "அங்க இவ்வளவு கொழுப்பு இல்லை, பாத்தியா?"

"எங்க?" என்றான் எய்லர்ட்.

டாம்மே மென்றுகொண்டே இருந்தான். விழுங்க வேண்டியதை விழுங்கியும் மென்றான். யாரும் அவனுக்கு உதவிக்கு வரவில்லை. ஒன்னோ உப்புக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

வீப்கே எழுந்தாள். "எய்லர்ட், வண்டியில ஒரு போத்தல் விட்டுட்டோம். வா" என்றாள்.

முற்றத்தில் வண்டி காலியாக நின்றது. போத்தல் எதுவும் இல்லை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். கோட்டு போடாமல் வந்திருந்தாள்.

"போன சனிக்கிழமை கெரோல்ட் ஒரு நடை வச்சான்" என்றாள்.

"யாரெல்லாம் போனீங்க?"

"எல்லாரும்."

"நீயும்."

"நானும்."

கொட்டகையில் ஒரு மாடு கத்தியது. இரண்டு பேரும் கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஒரு வருஷமா என்கூட ஞாயித்துக்கிழமை பாதை பாத்தே" என்றான்.

"பாத்தேன். அதுவும் ரகசியம், இதுவும் ரகசியம். எனக்குத் தூக்கமே போச்சு. அல்முட் அழுதாடா. அவங்களும் நம்ம ஆளுங்கதானே. நாங்க யார் பக்கமும் போகலை."

"யார் பக்கமும் போகலைன்னா ரெண்டு பக்கமும் சாப்பிடலாம்."

"அப்படிப் பேசாதே."

"ராஜா யாரு?"

அவள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ஒன்னோ" என்றாள்.

"தராசு ஏது?"

"தராசெல்லாம் இல்லை. சும்மா... கைதட்டித்தான்."

எய்லர்ட் தலையாட்டினான். அவள் சொன்னதில் இதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை போல மறுபடி ஒருமுறை தலையாட்டினான்.

"இன்னிக்கு முடிஞ்சதும் உன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தோம்" என்றாள் வீப்கே. "எத்தனை வருஷம் ரெண்டு ரெண்டு தடவை நடக்கிறது? வயசாகுது எல்லாருக்கும். அடுத்த வருஷத்திலேர்ந்து ஒண்ணாவே வச்சுக்கலாம். நீயும் வா. அல்முட்டே சொன்னா, எய்லர்ட் வந்தா எனக்கு ஒண்ணும் இல்லைன்னு. தாராளமா வரட்டும்னா."

"வரட்டும்னாளா."

"நல்ல மனசோடதான் சொன்னா."

"இன்னிக்கு நடந்தது எனக்கு வழியனுப்பு."

வீப்கேவுக்குப் பல் கிட்டியது. "குளிருது. உள்ளே வா" என்றாள்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்து கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தின்ன ஆரம்பித்தான். அவசரம் இல்லை. லாரி ஓட்டுவது போல, ஒரே வேகத்தில். கீரை, இறைச்சி, கிழங்கு, மறுபடி கீரை. கிண்ணம் காலியானதும் டாலேயா அடுத்ததைக் கொண்டுவந்தாள். பிங்கல் குடலைக் கத்தியால் கீறி, உள்ளிருப்பதை வழித்து, கீரையில் பிசைந்து தின்றான். உதடெல்லாம் கொழுப்பு.

"டேய், எங்களுக்கும் கொஞ்சம் வை" என்றான் ஒன்னோ.

"எடுத்துக்கோ."

ஒன்னோ எடுத்துக்கொள்ளவில்லை. மேசையில் எய்லர்டின் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. சிலர் கைபேசியைப் பார்த்தார்கள். டாம்மே ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் கரைமேட்டைத் தவிர ஒன்றும் இல்லை. டாலேயாவுக்குத்தான் முகம் மலர்ந்திருந்தது. ஒருத்தராவது மனசு வைத்துச் சாப்பிடுகிறாரே என்றாள்.

நெற்றியில் வேர்த்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். தாடை எலும்பு வெளியே வந்து தட்டின் விளிம்பில் இடித்தது. அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுத் தின்றான்.

முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "தராசு" என்றான்.

"இந்தத் தடவை விட்டுடலாமேடா" என்றான் ஒன்னோ. "ஏற்கெனவே நேரமாச்சு. எல்லாருமே ராஜாதான்னு வச்சுக்கோயேன்."

"ஏறு."

ஒன்னோ ஏறினான். முள் பழைய எண்ணைத் தாண்டியதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எய்லர்ட் குனிந்து பார்த்தான். இறங்கும்போது ஒன்னோ மூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது. டாம்மே ஏறினான். மற்றவர்கள் ஏறினார்கள். ஒவ்வொருவரும் முள்ளைப் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் ஒன்றுமில்லை என்று கேட்டவர்கள் மாதிரி இறங்கினார்கள். பெண்களில் ஒருத்திக்கும் சொல்லும்படி ஏறவில்லை. வீப்கே சாப்பாட்டையே தொடவில்லை.

"ராணி இல்லைன்னு எழுதவா?" என்று கேட்டாள் டாலேயா.

"எழுது" என்றான் எய்லர்ட்.

கடைசியில் அவன் ஏறினான். தராசின் இரும்புத் தட்டு முனகியது. டாலேயா கதவில் இருந்த பழைய எண்ணைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அம்மாடி!"

கைதட்டினார்கள். பலமாகத் தட்டினார்கள். அவனுக்கு இந்தக் கூட்டத்தில் அவ்வளவு கைதட்டு அதுவரை விழுந்ததில்லை. ஒன்னோ விசிலடித்தான். டாம்மேகூடச் சிரித்துவிட்டான். பழைய ராஜா புது ராஜாவுக்குத் தாடை மாட்ட வேண்டும். எய்லர்ட் தராசில் நின்றபடியே அதைக் கழுத்திலிருந்து கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அடுத்த வருஷம், பிப்ரவரி முதல் சனிக்கிழமை" என்றான். "எங்கேன்னு சொல்ல மாட்டேன்."

கைதட்டு நின்றது.

ராஜா கூப்பிட்டு வராமல் இருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இதுவரை இல்லை. அல்முட்டும் கெரோல்டும் தவிர.

"அது... பாக்கலாம் எய்லர்ட்" என்றான் ஒன்னோ. கழுத்திலிருந்த கிண்ணத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். "போன் பண்றேன். பேசிக்கலாம்."

"ராஜா நீ இல்லை. நான்தான் போன் பண்ணணும்."

"சரிடா. நீயே பண்ணு."

கோட்டுகளை எடுத்தார்கள். தராசு கொக்கிகளுக்குக் கீழேயே இருந்ததால், அதில் நின்றுகொண்டிருந்த எய்லர்டின் தோளுக்கு மேலே கையை நீட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் மன்னிச்சுக்கோ என்று சொல்லி எடுத்தார்கள். அவன் இறங்கவில்லை. வீப்கே தன் கோட்டைக் கடைசியாக எடுத்தாள். பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எய்லர்டுக்கு வயிறு வலித்தது. புதினாத் தேநீர் போட்டுக் குடித்தான். காரை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்த் தராசையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டான். டாலேயா ஒரு பக்கம் பிடித்தாள். மிச்சமிருந்த கீரையை ஒரு வாளியில் கொடுத்தாள், வாங்கிக்கொண்டான். குளிர் அறைக் கதவில் சாக்கட்டி எழுத்து துடைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்து போத்தல்களைப் பிரித்துப் போட்டான். தன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். மத்தியானம் ஆற்றுக்கு மறுகரையில் ஒரு பாதையைப் பார்க்கப் போனான். பாதையில் பாதித் தூரத்துக்கு மேல் தண்ணீர் நின்றது. வண்டி போகாது. திரும்பி வந்து கொல்லைக் குழாயில் பூட்ஸைக் கழுவினான். ஒன்னோவுக்குப் போன் செய்தான், எடுக்கவில்லை. கீரையில் கொஞ்சம் சுடவைத்துச் சாப்பிட்டான். திங்கட்கிழமை அதிகாலை லாரி. அலாரம் வைத்துவிட்டு, வெளிச்சம் போகுமுன் படுத்துக்கொண்டான்.